விளக்கை நகர்த்தினால் வெளிச்சம் மட்டுமா மாறும்? ஒளிச்சேர்க்கைச் சோதனைகளும் அவற்றின் மாறிகளும்

ஒரே வகை நீர்த்தாவரம், ஒரே அளவு குவளை, ஒரே விளக்கு. ஒரு மாணவர் விளக்கைப் பக்கத்தில் கொண்டுவருகிறார், குமிழிகள் வேகமெடுக்கின்றன. "வெளிச்சம் கூடினால் ஒளிச்சேர்க்கை கூடும்" என்று எழுதிக்கொள்கிறார். இன்னொருவர் அதே வேலையைச் செய்கிறார். குமிழிகளின் வேகம் அசையவே இல்லை. "வெளிச்சத்துக்கும் ஒளிச்சேர்க்கை வேகத்துக்கும் தொடர்பில்லை" என்று அவர் எழுதுகிறார். யார் சொல்வது சரி?

இருவர் எடுத்த எண்களும் சரியாகவே இருக்கலாம். எண்களிலிருந்து முடிவுக்குத் தாவிய இடத்தில்தான் சிக்கல். "ஒளிச்சேர்க்கையைப் பாதிக்கும் காரணிகள்: ஒளி, கார்பன் டை ஆக்சைடு, வெப்பநிலை, நீர்" என்று பட்டியலாகப் படித்துவிட்டால், ஒவ்வொன்றும் தனித்தனியாக வேலை செய்கிறது என்ற எண்ணம் வந்துவிடும். உண்மையில் எந்தக் காரணி எவ்வளவு பாதிக்கும் என்பது அந்த நேரத்தில் மற்றவை எந்த அளவில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இலைக்குள் நடப்பது என்ன?

பாடப்புத்தகச் சமன்பாடு தெரிந்ததுதான்: 6 மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடும் 6 மூலக்கூறு நீரும் ஒளியின் ஆற்றலால் 1 மூலக்கூறு குளுக்கோஸாகவும் 6 மூலக்கூறு ஆக்சிஜனாகவும் மாறுகின்றன. வரவு செலவுக் கணக்காக இது சரி. ஆனால் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது என்பதை இந்த ஒற்றை வரி மறைத்துவிடுகிறது.

1. ஒளிவினை. இலைச் செல்களில் உள்ள பசுங்கணிகம் (குளோரோபிளாஸ்ட்) என்ற உறுப்புக்குள் இருக்கும் தைலகாய்டு சவ்வுகளில் பச்சையம் ஒளியை உறிஞ்சுகிறது. நீர் பிளக்கப்படுகிறது, ஆக்சிஜன் வெளியேறுகிறது. ஏடிபி, என்ஏடிபிஎச் என்ற இரண்டு ஆற்றல் மூலக்கூறுகள் உருவாகின்றன.

2. கால்வின் சுழற்சி. ரூபிஸ்கோ என்ற நொதி கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிறது. ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் செலவாகிச் சர்க்கரை உருவாகிறது. பழைய புத்தகங்கள் இதை இருள்வினை என்று சொல்லும். அதற்காக இரவில் நடப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒளிவினையின் சரக்கு வராவிட்டால் சிறிது நேரத்தில் இதுவும் நின்றுவிடும்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். வெளியே வரும் ஆக்சிஜன் நீரிலிருந்துதான் வருகிறது என்பதை 1941-ல் சாமுவேல் ரூபன், மார்ட்டின் கேமன் குழு ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் வகையை (ஐசோடோப்பை) அடையாளமாகக் கொண்டு காட்டியது. அப்படியானால் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கூடும்போது ஆக்சிஜன் குமிழி ஏன் கூட வேண்டும்? இரண்டாம் கட்டம் என்ஏடிபிஎச்சைச் செலவழித்து, வெறும் என்ஏடிபியாகத் திருப்பி அனுப்புகிறது. அது திரும்பி வராவிட்டால் நீரிலிருந்து பிரியும் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. நீரைப் பிளக்கும் வேலையும் தேங்கிவிடும். 1930-களின் இறுதியில் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் ராபர்ட் ஹில் இதை வேறு வழியாகக் காட்டியிருந்தார். இலையிலிருந்து பிரித்தெடுத்த பசுங்கணிகங்களுக்கு எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் ஓர் இரும்புச் சேர்மத்தைக் கொடுத்தார். கார்பன் டை ஆக்சைடு நிலைநிறுத்தப்படாமலேயே ஆக்சிஜன் வந்தது. ஆக, இரண்டு கட்டங்களும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தக்கூடியவை. காரணிகளைப் பற்றிய மீதி விஷயங்கள் எல்லாம் இந்த ஒரு உண்மையிலிருந்து கிளம்புகின்றன.

மாறிகள்: எது எது?

சோதனையில் மதிப்பு மாறக்கூடிய எதுவும் மாறிதான். அவற்றை மூன்றாகப் பிரிக்கிறோம்.

1. சாரா மாறி: நாம் வேண்டுமென்றே மாற்றுவது. உதாரணம், விளக்கின் தூரம்.
2. சார்ந்த மாறி: அதன் விளைவாக மாறுகிறதா என்று நாம் அளப்பது. உதாரணம், ஒரு நிமிடத்தில் வரும் குமிழிகளின் எண்ணிக்கை.
3. கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்: விளைவைப் பாதிக்கக்கூடியவை, ஆனால் இந்தச் சோதனையில் மாறாமல் பிடித்து வைப்பவை. நீரின் வெப்பநிலை, கரைசலின் செறிவு, தண்டின் நீளம் போன்றவை.

இவை தவிர ஒப்பீட்டு அமைப்பு என்று ஒன்று உண்டு. இது மாறியே அல்ல. மற்ற எல்லாம் அப்படியே இருக்க, சோதிக்கப்படும் ஒன்றை மட்டும் நீக்கி வைக்கும் இரண்டாவது ஏற்பாடு. செடியே இல்லாத குவளை, கொதிக்கவைத்துக் கொன்ற செடி உள்ள குவளை, முழு இருட்டில் வைத்த குவளை எல்லாம் இந்த வகை. தேர்வுத் தாள்களில் கட்டுப்படுத்தப்பட்ட மாறியைக் கேட்டால் ஒப்பீட்டு அமைப்பை எழுதுவது அடிக்கடி நடப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். "சார்ந்த மாறி எது?" என்று கேட்டால் "ஒளிச்சேர்க்கை" என்று பதில் வரும். அது போதாது. ஒளிச்சேர்க்கை வேகத்தை யாரும் நேரில் பார்ப்பதில்லை. குமிழி எண்ணிக்கை, சேர்ந்த வாயுவின் கன அளவு, நிறம் மாறிக் காட்டும் காட்டிக் கரைசலின் நிற மாற்றம், இலையில் சேர்ந்த ஸ்டார்ச் என்று அதன் ஏதோ ஓர் அடையாளத்தைத்தான் பார்க்கிறோம். எந்த அடையாளத்தைப் பிடிக்கிறோமோ அதற்கென்று தனிக் குறைகள் உண்டு.

குமிழி எண்ணும் சோதனை

ஹைட்ரில்லா அல்லது எலோடியாவின் புதுத் தண்டு ஒன்றைச் சாய்வாக வெட்டி, வெட்டிய முனை மேலே இருக்கும்படி நீரில் அமிழ்த்துகிறோம். செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு கிடைப்பதற்காக நீரில் கொஞ்சம் சோடியம் பைகார்பனேட் கரைத்திருக்கும். இருட்டான அறையில் விளக்கை 10, 20, 30, 40 செ.மீ. தூரத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் சில நிமிடம் பொறுத்து, வெட்டு முனையிலிருந்து கிளம்பும் குமிழிகளை எண்ணுகிறோம்.

தூரமும் ஒளிச்செறிவும் நேர்விகிதத்தில் இல்லை. சிறிய விளக்கிலிருந்து வரும் ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். 10 செ.மீ. தூரத்தில் 100 பங்கு என்று வைத்தால், 20 செ.மீ.யில் 25 பங்கு, 30-ல் சுமார் 11, 40-ல் 6 பங்குக்குச் சற்று மேல். வரைபடத்தில் கிடை அச்சில் தூரத்தைப் போட்டால் கோடு எப்படியோ வளைந்து நிற்கும். தூரத்தின் வர்க்கத்தால் 1-ஐ வகுத்த மதிப்பைப் போட்டால்தான் தொடர்பு தெரியும். அதுவும் புள்ளி போன்ற ஒளிமூலத்துக்கும், வேறு வெளிச்சம் புகாத அறைக்கும்தான் இந்தக் கணக்கு பொருந்தும். ஜன்னல் திறந்திருந்தால் 40 செ.மீ.யில் விளக்கு தரும் பங்கைவிட ஜன்னல் தருவது அதிகமாகிவிடலாம்.

சரி, தூரத்தை மாற்றினோம். மாறியது ஒளிச்செறிவு மட்டும்தானா?

1. வெப்பம். பழைய குண்டு பல்பு தன் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாகத்தான் விடுகிறது. அதை அருகே கொண்டுவந்தால் நீர் சூடாகும். நொதிகள் வேகமெடுக்கும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சூடான நீரில் ஆக்சிஜன் கரைவது குறையும்: 10 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் கரைந்திருக்கும் என்றால், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். மிச்சம் குமிழியாக வெளியே வரும். ஒளிச்சேர்க்கையே நடக்காத குவளையிலும் சூடேறினால் சுவரோரம் குமிழி ஒட்டுவது இதனால்தான். செடியில்லாத ஒப்பீட்டுக் குவளை இந்த இடத்தில்தான் உதவுகிறது. எல்இடி விளக்கு நல்லது. இல்லாவிட்டால் விளக்குக்கும் செடிக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் வைத்தால் பெரும்பாலான வெப்பத்தை அது வாங்கிக்கொள்ளும்.

2. கார்பன் டை ஆக்சைடு. எப்போதும் 10 செ.மீ.யில் தொடங்கி 40-ல் முடிப்பவர், கடைசி அளவீட்டுக்கு வரும்போது செடி நீரிலிருந்த கார்பனில் ஒரு பகுதியைச் செலவழித்திருக்கும். குறைந்த குமிழிக்குக் காரணம் குறைந்த ஒளியா, குறைந்த கார்பனா? பிரித்துச் சொல்ல முடியாது. தூரங்களைக் குலுக்கிப்போட்ட வரிசையில் எடுப்பதும், கரைசலை மாற்றிக்கொண்டே இருப்பதும் இதற்கு வழி.

3. நேரம். விளக்கை நகர்த்தியதும் செடி புதிய வேகத்துக்கு உடனே வந்துவிடாது. ஐந்து நிமிடமாவது விட்டு எண்ண வேண்டும். அவசரப்பட்டு எண்ணினால் முந்தைய தூரத்தின் வேகத்தையும் சேர்த்து எண்ணுகிறோம்.

4. குமிழியின் அளவு. பெரிய குமிழி ஒன்றும் சிறிய குமிழி ஒன்றும் எண்ணிக்கையில் சமம், கன அளவில் அல்ல. அதனால்தான் வாயுவை நுண்குழாயில் சேர்த்து நீளத்தை அளக்கும் முறை எண்ணுவதைவிட நம்பகமானது. அந்த வாயுவும் முழுக்க ஆக்சிஜன் அல்ல. நீரில் கரைந்திருந்த நைட்ரஜனும் கொஞ்சம் கலந்திருக்கும்.

பைகார்பனேட்டைச் சாரா மாறியாக வைக்கும்போதும் இதே கதைதான். செறிவு கூடக்கூட அயனிகளின் அளவும் கூடுகிறது, வெறும் நீரோடு ஒப்பிட்டால் பி.எச். மதிப்பும் உயர்கிறது. ஹைட்ரில்லாவும் எலோடியாவும் கரைந்த கார்பன் டை ஆக்சைடை மட்டுமல்லாமல் பைகார்பனேட் அயனியையும் நேரடியாகப் பயன்படுத்தக்கூடியவை என்பதால் இந்தச் சோதனைக்கு ஏற்றவை. எல்லா நீர்த்தாவரங்களும் அப்படியல்ல. செறிவு மிக அதிகமானால் உப்பின் அழுத்தத்தில் செடியே வாடும். அப்போது வேகம் குறைவதைப் பார்த்து, கார்பன் டை ஆக்சைடு கூடினால் ஒளிச்சேர்க்கை குறையும் என்று எழுதினால் அது தப்பு.

கவனிக்காமல் விட்ட மாறி

ஒரு மாறியைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் துறையின் தொடக்கக் காலமே சாட்சி. 17-ஆம் நூற்றாண்டு வேதியியலாளர் வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டு தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் சுமார் 169 பவுண்டு ஆனது. மண் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ். மரத்தின் எடை மண்ணிலிருந்து வரவில்லை என்று அவர் காட்டியது மிகச் சரி. அத்தனையும் தண்ணீரிலிருந்தே வந்தது என்ற முடிவுதான் தவறு. அவர் அளக்காத, கட்டுப்படுத்தாத ஒன்று மரத்தைச் சுற்றிலும் இருந்தது: காற்று. இந்தச் சோதனை அவர் இறந்த பிறகு 1648-ல் அச்சானது.

ஆங்கிலேய வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லியின் அனுபவம் இன்னும் சுவாரசியமானது. 1771 ஆகஸ்ட் 17 அன்று, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றுக்குள் ஒரு புதினாத் தண்டை வைத்தார். 27-ஆம் தேதி அதே காற்றில் இன்னொரு மெழுகுவர்த்தி நன்றாக எரிந்தது. செடி காற்றைச் சீராக்குகிறது என்று அறிவித்தார். மற்றவர்கள் செய்து பார்த்தபோது சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை. பின்னாளில் அவரே திரும்பச் செய்தபோதும் முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாக இருந்தன. 1779-ல் டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் முடிச்சை அவிழ்த்தார்: செடியின் பச்சைப் பகுதி மட்டுமே, அதுவும் வெளிச்சத்தில் மட்டுமே காற்றைச் சீராக்குகிறது, இருட்டில் செடியும் காற்றைக் கெடுக்கிறது. ஜாடியை எங்கே வைத்தோம் என்பது முடிவைத் தீர்மானிக்கும் மாறி என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. ஒரே சோதனை ஒருநாள் வருவதும் மறுநாள் வராததும், கவனிக்காத மாறி ஒன்று இருக்கிறது என்பதற்கு நல்ல அறிகுறி.

பிளாக்மன் கேட்ட கேள்வி

1905-ல் பிரிட்டிஷ் தாவரவியலாளர் எஃப். எஃப். பிளாக்மன் மட்டுப்படுத்தும் காரணிகள் பற்றிய கருத்தை வெளியிட்டார். பல காரணிகளைச் சார்ந்த ஒரு செயலின் வேகத்தை, அவற்றில் மிகக் குறைவாக இருக்கும் காரணியே தீர்மானிக்கிறது என்பது அதன் சாரம். இருவர் வரிசையில் நின்று செங்கல் கைமாற்றும்போது வேகம் மெதுவானவர் கையில்தான் இருக்கிறது. வேகமானவரை இன்னும் விரட்டிப் பயனில்லை.

இதை ஒளிச்சேர்க்கைக்குப் பொருத்தினால், ஒளிச்செறிவுக்கு எதிரே வேகத்தை வரையும் வரைபடம் மூன்று பகுதியாகப் பிரிகிறது.

1. ஏறும் பகுதி. ஒளி கூடக்கூட வேகம் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும். இங்கே தட்டுப்பாடு ஒளிக்குத்தான். இந்தப் பகுதியில் கார்பன் டை ஆக்சைடைக் கூட்டினாலும் வெப்பநிலையை ஏற்றினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது.
2. வளையும் பகுதி. ஒன்றுக்கு மேற்பட்ட காரணிகள் சேர்ந்து இழுக்கும் இடம். பிளாக்மன் இதைக் கூர்மையான முறிவாகவே கற்பனை செய்தார். உண்மையான இலைகளில் அது மெல்ல வளைகிறது.
3. சமமான பகுதி. ஒளியை எவ்வளவு கூட்டினாலும் வேகம் அசையாது. தட்டுப்பாடு இப்போது வேறு எதற்கோ. பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடுக்கு, இல்லாவிட்டால் வெப்பநிலைக்கு.

தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது மாணவரின் குவளையில் பைகார்பனேட் போதாமல் இருந்திருந்தால், அவர் சமமான பகுதியில் நின்றுகொண்டிருந்தார். அவர் எழுத வேண்டியது "இந்தக் கரைசலில், இந்த ஒளி வரம்புக்குள், ஒளி மட்டுப்படுத்தும் காரணி அல்ல" என்பது. கரண்டியளவு பைகார்பனேட் சேர்த்ததும் கோடு மறுபடி ஏறினால், தட்டுப்பாடு எதற்கு என்பதும் உறுதியாகிவிடும்.

பிளாக்மனும் அவருடன் வேலை செய்த கேப்ரியல் மத்தாய் என்ற ஆய்வாளரும் எடுத்த அளவீடுகளில் பாராட்ட வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெயிலில் இருக்கும் இலை சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும். எனவே அறையின் வெப்பநிலையை எடுத்துக்கொள்ளாமல், வெப்பநிலையை மின்னழுத்தமாக மாற்றி அளக்கும் வெப்ப மின்னிணையால் இலையின் வெப்பநிலையையே அளந்தார்கள். மங்கிய ஒளியில் வெப்பநிலையை ஏற்றினால் வேகம் கூடவில்லை. ஒளியும் கார்பன் டை ஆக்சைடும் தாராளமாக இருந்தபோது ஏற்றினால் கூடியது. ஒளியால் நேரடியாக நடக்கும் வேதிவினை வெப்பநிலையைப் பொருட்படுத்தாது, நொதிகளால் நடப்பது பொருட்படுத்தும். ஆகவே ஒளிச்சேர்க்கைக்குள் இரண்டு விதமான படிகள் இருக்க வேண்டும் என்ற ஊகம் இப்படித்தான் உருவானது. இலையைப் பிளந்து பார்க்காமல், மாறிகளை ஒழுங்காக மாற்றிப் பார்த்தே உள்ளே இருக்கும் கட்டமைப்பைக் கண்டுபிடித்தது இந்தத் துறையின் அழகான வேலைகளில் ஒன்று என்பேன்.

காரணிகளைத் தனித்தனியாகப் பார்த்தால்

ஒளியின் செறிவு. நடுப்பகல் முழு வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்குச் சுமார் 2000 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன. பல சி3 தாவரங்களின் (நெல், கோதுமை போல, ரூபிஸ்கோ மூலம் கார்பன் டை ஆக்சைடை நேரடியாகப் பிடிப்பவை) தனி இலை இதில் பாதிக்கும் குறைவான ஒளியிலேயே நிறைவடைந்துவிடும். நிழல்செடிகள் இன்னும் சீக்கிரம். அதற்கு மேல் வரும் ஒளியை வெப்பமாக வெளியேற்ற இலையில் ஏற்பாடு உண்டு. அதையும் மீறினால் ஒளிவினையின் உறுப்புகளே சேதமாகி வேகம் இறங்கும்.

ஒளியின் நிறம். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் நன்றாக உறிஞ்சும், பச்சையைக் குறைவாக. இதிலிருந்து "பச்சை ஒளியில் ஒளிச்சேர்க்கை நடக்காது" என்று சொல்வது மிகப் பரவலான பிழை. கரைசலில் பிரித்தெடுத்த பச்சையத்துக்கும் முழு இலைக்கும் வித்தியாசம் உண்டு. இலைக்குள் பச்சை ஒளி பல முறை சிதறிச் சிதறி, கடைசியில் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடுகிறது. 1972-ல் கே. ஜே. மெக்ரீ பல பயிர்களின் இலைகளில் அளந்தபோது, பச்சை ஒளியின் பயன் சிவப்பைவிடக் குறைவு என்றாலும் கணிசமாகவே இருந்தது. 1880-களில் ஜெர்மன் ஆய்வாளர் எங்கல்மன், ஆக்சிஜனைத் தேடிவரும் பாக்டீரியாக்கள் சிவப்பு, நீலப் பகுதிகளில் குவிவதைக் காட்டினாரே என்று கேட்கலாம். அவர் பயன்படுத்தியது மெல்லிய பாசியிழை. அதில் பச்சை ஒளி ஊடுருவி வெளியே போய்விடும்.

வண்ணத் தாளை விளக்கில் சுற்றிச் செய்யும் சோதனையில் இன்னொரு பொறி இருக்கிறது. சிவப்புத் தாளும் பச்சைத் தாளும் ஒரே அளவு ஒளியை விடுவதில்லை. நிறத்தோடு செறிவும் மாறிவிடுகிறது. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மானியால் அளந்து சமப்படுத்தலாம் என்றால், அந்தக் கருவி மனிதக் கண்ணின் உணர்வுக்கு ஏற்ப அமைந்தது. 555 நானோமீட்டர் அருகே உள்ள பச்சைக்கு அது அதிக மதிப்புத் தரும். இலை கண்ணைப் போல் பார்ப்பதில்லை. 400 முதல் 700 நானோமீட்டர் வரையான ஒளித்துகள்களை எண்ணும் கருவிதான் சரியானது.

கார்பன் டை ஆக்சைடு. காற்றில் இது 0.04 சதவீதம்தான். இந்தக் குறைவால்தான் நல்ல வெயிலில் சி3 தாவரங்களுக்கு இதுவே வழக்கமான தட்டுப்பாடு. ரூபிஸ்கோ மெதுவான நொதி மட்டுமல்ல, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனையும் பிடித்துவிடும். அதனால் நடக்கும் ஒளிச்சுவாசம் ஏற்கெனவே பிடித்த கார்பனில் ஒரு பங்கை வீணாக்குகிறது. மக்காச்சோளம், கரும்பு போன்ற சி4 தாவரங்கள் கார்பன் டை ஆக்சைடை உள்ளே செறிவாக்கி ரூபிஸ்கோவுக்குக் கொடுப்பதால் இந்த இழப்பிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

வெப்பநிலை. ஓரளவு வரை ஏற ஏற நொதிகள் வேகமாகும், அப்புறம் சரியும். பல சி3 தாவரங்களுக்கு உகந்த வரம்பு 20 முதல் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியது. சி4 தாவரங்களுக்கு அதைவிட மேலே. சரிவுக்குக் காரணம் நொதிகள் சிதைவது என்று மட்டும் எழுதுவது வழக்கம். நொதிகள் சிதைவதற்கு வெகு முன்பே, சூட்டில் ஒளிச்சுவாசம் கூடுவதும் சாதாரணச் சுவாசம் கூடுவதும் நிகர லாபத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும்.

நீர். சமன்பாட்டில் மூலப்பொருளாக இருப்பதால், தண்ணீர் இல்லாவிட்டால் மூலப்பொருள் பற்றாக்குறை என்று நினைப்போம். ஆனால் செடி உறிஞ்சும் நீரில் 1 சதவீதத்துக்கும் குறைவானதே ஒளிச்சேர்க்கையில் செலவாகிறது. வறட்சியில் நடப்பது வேறு: நீராவி வெளியேறாமல் இருக்க இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன, அதே வாசல் வழியாக வரவேண்டிய கார்பன் டை ஆக்சைடும் நின்றுபோகிறது. தண்ணீர்த் தட்டுப்பாடு இலைக்குள் கார்பன் தட்டுப்பாடாகத்தான் முதலில் தெரிகிறது.

பச்சையம், கனிமங்கள். மக்னீசியம் பச்சைய மூலக்கூறின் நடுவில் இருக்கிறது. மாங்கனீசு நீரைப் பிளக்கும் மையத்தில். நைட்ரஜன் குறைந்தால் ரூபிஸ்கோவே குறையும். இலையின் வயதும் அந்தச் செடி வெயிலில் வளர்ந்ததா நிழலில் வளர்ந்ததா என்பதும் முக்கியம். ஒரு சோதனைக்குள் எல்லா இலைகளையும் ஒரே செடியின் ஒரே நிலையிலிருந்து பறிக்கச் சொல்வது இதனால்தான்.

அளப்பது நிகரமா, மொத்தமா?

செடி எந்நேரமும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை தரும் ஆக்சிஜனில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. வெளியே வரும் குமிழி எல்லாம் நிகர அளவுதான்: மொத்த ஒளிச்சேர்க்கையில் சுவாசத்தைக் கழித்தது. ஒளி குறைந்துகொண்டே போகும்போது இரண்டும் சமமாகும் ஓர் இடம் வரும். அதை ஈடுசெய்யும் புள்ளி என்பார்கள். அங்கே குமிழி பூஜ்யம். ஆனால் ஒளிச்சேர்க்கை பூஜ்யம் அல்ல. "குமிழி வரவில்லை, எனவே ஒளிச்சேர்க்கை நடக்கவில்லை" என்பது இதனால் தவறான வாதம். இருட்டில் ஆக்சிஜன் குறையும் வேகத்தைத் தனியாக அளந்து நிகரத்தோடு கூட்டினால் மொத்தம் ஓரளவு கிடைக்கும்.

பைகார்பனேட் காட்டி இந்தப் புள்ளியைக் கண்ணாலேயே பார்க்கவைக்கும். காற்றோடு சமநிலையில் சிவப்பாக இருக்கும் அந்தக் கரைசல், கார்பன் டை ஆக்சைடு கூடினால் மஞ்சளாகும், குறைந்தால் ஊதாவாகும். இலையோடு மூடிய மூன்று குழாய்களில் ஒன்றை வெளிச்சத்திலும், ஒன்றை மெல்லிய துணி சுற்றியும், ஒன்றைக் கறுப்புத் தாள் சுற்றியும் வைத்தால், முதலாவது ஊதாவாகவும் மூன்றாவது மஞ்சளாகவும் போகும். நடுவில் உள்ளது சிவப்பாகவே நின்றால் அதுவே ஈடுசெய்யும் புள்ளி.

ஸ்டார்ச் சோதனை சொல்வதும் சொல்லாததும்

ஸ்டார்ச் உள்ள இடத்தை நீலக்கறுப்பாக்கும் அயோடின் சோதனை, இலையில் ஸ்டார்ச் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்குத்தான் பதில் தரும், ஒளிச்சேர்க்கையின் வேகத்துக்கு அல்ல. முந்தைய நாளின் ஸ்டார்ச் தீர்ந்துபோக, செடியை ஒன்றிரண்டு நாள் இருட்டில் வைக்காவிட்டால் அந்தப் பதிலும் கிடைக்காது.

மோலின் அரை இலைச் சோதனையை எடுத்துக்கொள்வோம். இலையின் ஒரு பாதி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் உள்ள புட்டிக்குள், மறு பாதி வெளியே. கரைசல் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடுவதால் உள்பாதியில் ஸ்டார்ச் இல்லை, வெளிப்பாதியில் உண்டு. முடிவு சரிதான். ஆனால் கறாரான வாசகர் கேட்கலாம்: புட்டிக்குள் ஈரமும் வெப்பமும் வேறு, காற்றோட்டமும் இல்லை, இவற்றில் ஒன்று காரணமாக இருக்கக் கூடாதா? அதே மாதிரிப் புட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றி இன்னொரு இலையின் பாதியை வைத்தால்தான் அந்தச் சந்தேகம் தீரும். கறுப்புத் தாளால் இலையை மறைக்கும் சோதனைக்கும் இதே போல ஒளிபுகும் தாள் ஒட்டிய ஒப்பீட்டு இலை தேவை. தாள் மறைப்பது ஒளியை மட்டுமல்ல, இலைத்துளைகளையும்தான்.

வெளியே, வயலிலும் செய்தியிலும்

பசுமைக்குடில்களில் காற்றின் கார்பன் டை ஆக்சைடை 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) அளவுக்கு உயர்த்துவது பழக்கத்தில் இருக்கும் முறை. ஒளி நன்றாக இருக்கும் நேரத்தில் மட்டும் அதற்குப் பலன் உண்டு. மங்கலான நாளில் வாயுவைத் திறந்துவிட்டால் காசுதான் நஷ்டம். பிளாக்மனின் வரைபடத்தை அப்படியே பணமாக்கிய இடம் இது.

"காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடுவது பயிருக்கு நல்லதுதானே?" என்று அவ்வப்போது செய்திகளில் கேட்கும் கேள்வியையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். தொழிற்புரட்சிக்கு முன் 280 பிபிஎம் அருகே இருந்த அளவு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. சி3 தாவரங்களின் ஒளிச்சேர்க்கை வேகம் இதனால் கூடும் என்பது உண்மை, மற்றவை மாறாமல் இருந்தால். அந்த நிபந்தனை ஆய்வகத்தில் நாம் பிடித்து வைப்பது. வெளியே அதைப் பிடித்து வைக்க ஆளில்லை. அதே வாயு வெப்பநிலையை ஏற்றுகிறது, மழையின் போக்கை மாற்றுகிறது. நைட்ரஜன் குறைந்த மண்ணில் கூடுதல் கார்பனால் கிடைக்கும் ஆதாயம் சீக்கிரமே நின்றுவிடுகிறது. திறந்த வயலில் குழாய்கள் மூலம் கார்பன் டை ஆக்சைடைப் பரப்பிச் செய்த நீண்டகாலச் சோதனைகளில், கோதுமை, நெல் போன்ற சி3 தானியங்களில் துத்தநாகமும் இரும்பும் குறைந்திருப்பதும் பதிவாகியிருக்கிறது. சி4 பயிர்களுக்கு நேரடி ஆதாயம் மிகக் குறைவு. இலைத்துளைகளைச் சற்றுக் குறுக்கிக்கொண்டு நீரை மிச்சப்படுத்துவதால் வறட்சிக் காலத்தில் மட்டும் அவற்றுக்குக் கொஞ்சம் பலன் கிடைக்கிறது.